உங்கள் அளவுக்கு ஒரு பாவாடை

(கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவியர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சித்திரை வெயிலில் உங்களை ஒரு மண்டபத்துக்குள் உட்கார வைத்துப் பேசப் போகிறேன். தலைப்பாவது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கோடைக்குத் தோதான பருத்திப் பாவாடையை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எப்படித் தைப்பது, ஏன் தைப்பது, யாருக்காகத் தைப்பது? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "ஏனுங்க, டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த புள்ளைங்ககிட்டப் போயி பாவாடை தைக்கறதப் பத்திப் பேசறீங்களே? பத்தாவது ஃபெயிலானவங்கதானுங்க தையல் கிளாஸுக்குப் போவாங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊர்ப் பேச்சில் தையலுக்கு உள்ள இடம் அதுதான். பத்தாவதில் கணக்கு போய்விட்டதா, தையல் கிளாஸ். மேலே படிக்க வைக்க வசதியில்லையா, தையல் கிளாஸ். மாப்பிள்ளை அமைகிற வரைக்கும் சும்மா இருப்பானேன், தையல் கிளாஸ். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. அந்தச் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுக் கல்யாணமாகிப் போன அக்காக்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. கணவனை இழந்தவர்களுக்கு, கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு, ஆதரவற்றவர்களுக்குக் கொடுக்கிறது. நல்ல திட்டம். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்த திட்டம்.

ஆனால் மொத்தமாகச் சேர்த்துப் பாருங்கள். தோற்றவளுக்கு மிஷின், இழந்தவளுக்கு மிஷின், காத்திருப்பவளுக்கு மிஷின். ஜெயித்தவளுக்கு? அவளுக்குப் புத்தகம். ஆகவே எம்.எஸ்சி. முடித்து, நெட் எழுதி, ஆய்வுக்குப் பதிவு செய்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நீங்கள், "நல்லவேளை, மிஷினிடமிருந்து தப்பித்தோம்" என்று நினைத்தால் அது நியாயம்தான். உங்கள் அம்மாவும் அம்மாயியும் அதற்காகத்தான் பாடுபட்டார்கள்.

அப்படித் தப்பித்து வந்தவர்களிடம் போய், ஊசியை மறுபடி எடுங்கள் என்று ஏன் சொல்கிறேன்? பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு ஆராய்ச்சி மாணவியின் கதை. 1870-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இன்றைக்கு எம்.ஐ.டி. என்று நாம் சொல்லும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், எலன் ஸ்வாலோ என்ற பெண்ணை வேதியியல் படிக்கச் சேர்த்துக்கொண்டது. அங்கே நுழைந்த முதல் பெண் அவர்தான். கல்விக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தன் ஏழ்மையைப் பார்த்து இரங்கினார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். காரணம் வேறு. யாராவது ஆட்சேபம் கிளப்பினால், "அந்தப் பெண் எங்கள் மாணவியே இல்லை" என்று சொல்லிவிட வசதியாகக் கட்டணம் வாங்காமல் வைத்திருந்தார்கள்.

எலன் என்ன செய்தார் தெரியுமா? ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைத்தார். ஊசி, நூல், கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, பேராசிரியர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தார். இவள் இருப்பது தொந்தரவில்லை, உபயோகம்தான் என்று அவர்களே நினைக்கட்டும் என்று யோசித்துத்தான் செய்தார். 1873-ல் பட்டம் வாங்கினார். அதற்கு மேலும் அங்கேயே ஆய்வு செய்தார். டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. பிற்பாடு தண்ணீரின் தூய்மையை ஆராய்ந்தார். மனையியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டார். 1909-ல் அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான்.

எலன் ஸ்வாலோவின் கெட்டிக்காரத்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஊசி எடுத்தது யாருக்காக? உள்ளே விட்டவர்களுக்காக. அது வாசலில் அவர் கட்டிய சுங்கம். இன்றைக்கு நீங்கள் அந்தச் சுங்கத்தைக் கட்ட வேண்டியதில்லை. கைடு வீட்டுக்கு கேஸ் புக் பண்ண வேண்டியதில்லை, அவர் பையனுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுக்க வேண்டியதில்லை. கைடுகள் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள், தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொரு கதை, நமக்குப் பக்கத்துக் கதை. 1924-ல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம் கேட்டார்: நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் விரோதியா? இந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் டாக்டர் சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உண்டாக்கியவர். காந்தி ஒரு விதிவிலக்குச் சொன்னார்: சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்டு பொறுக்காமல், அன்பினால் சிங்கர் கண்டுபிடித்த இயந்திரம் அது என்றார். ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பார்கள். மனிதருக்கு ஒரு குடும்பம் இல்லை, பல குடும்பம். 1851-ல் காப்புரிமை வாங்கியது வியாபாரத்துக்காக. போகட்டும். காந்தி கேட்ட கேள்வி சரியான கேள்வி: இந்த மிஷின் யாருடைய முதுகு வலியைக் குறைக்கிறது?

அதே சிங்கர் இங்கே, 50 கிலோமீட்டர் தள்ளி, ஒரு வேலையின் பெயராகிவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களில் தொங்கும் ஆட்கள் தேவைப் பலகையைப் படித்துப் பாருங்கள். சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், பேக்கிங். சட்டை ஒன்றுதான், அது கடந்துபோகும் கைகள் அத்தனை. தோள் மூட்டுகிறவர் நாள் முழுக்கத் தோள் மூட்டுவார். அடி மடிக்கிறவர் அடி மடிப்பார். அந்த வரிசையில் ஒருவரும் ஒரு முழுச் சட்டையைத் தைப்பதில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம், நூற்பாலைக்கு. சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மில் விடுதிகளில் தங்கவைத்தார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்விட்டால் அந்தத் தொகை கைக்கு வராமலே போனவர்கள் உண்டு. அதுவும் விடுதி, இதுவும் விடுதி. அங்கே மூன்று வருஷம். உங்கள் ஆய்வுக்கும் யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருஷம். அவர்கள் நூற்ற நூல்தான் இப்போது உங்கள் தோளில் கிடக்கிறது.

உங்களை உறுத்த வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நம் பகுதியின் சரித்திரமே பஞ்சு. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே முதல் மில்லைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில் மேல் மில்லாக எழுந்தது. 1956-ல் மில்களுக்காக சிட்ரா ஆராய்ச்சி நிலையம். மறு வருஷமே, 1957-ல், தி.சு. அவினாசிலிங்கம் பெண்களுக்கென்று மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அதனால் இந்த ஊரில் துணி, வெறும் சரக்காக இல்லாமல் பாடமாயிற்று. பெண்கள் இழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். விதை, பஞ்சு, நூல், தறி, சாயம், தையல் எல்லாம் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் இருக்கிற சீமை இது. இந்தச் சீமைக்கு வந்து ஆராய்ச்சி செய்கிற உங்களில் எத்தனை பேர் உடுத்தியிருப்பதில் ஒன்றையாவது நீங்களே தைத்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

நான்கு கை. பரவாயில்லை, நான் நினைத்ததைவிட அதிகம்.

பெண் கல்யாணத்துக்காகத் தைத்தாள், கூலிக்காகத் தைத்தாள், மற்றவர் மனம் கோணாமலிருக்கத் தைத்தாள். தனக்காக, தன் உடம்பின் அளவுக்கு, தன் சௌகரியத்துக்காகத் தைத்தவள் குறைவு. அந்த வாய்ப்பு இருக்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். நோட்டுப் புத்தகம் இருந்தால் எடுங்கள். கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கிற மாதிரியே எழுதிக்கொள்ளலாம்.

துணி 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர். பாப்ளின் அல்லது கேம்ப்ரிக் கேளுங்கள். மல்மல் இன்னும் மெல்லியது, ஆனால் கால் தெரியும். உள்ளே லைனிங் கொடுக்க வேண்டும், முதல் பாவாடைக்கு அந்த வம்பு வேண்டாம். பனியன் துணியும் வேண்டாம், இழுத்த பக்கம் போகும். கடைக்காரர் "பியூர் காட்டனுங்க" என்று சத்தியம் பண்ணினாலும் ஓரத்தில் ஓர் இழை பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஏன் இந்தக் கெடுபிடி? பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை இயல்பாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம். ஏப்ரல், மே மாதத்தில் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் நடக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தொடை இடுக்கில் தெரியும்.

வாங்கி வந்த அன்றைக்கு ராத்திரியே பக்கெட்டில் ஊறப் போடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும். சுருங்குவதெல்லாம் வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கிவிடட்டும். ஊறிய தண்ணீரின் நிறத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள். நொய்யல் ஆற்றில் இந்த நிறங்கள் ஓடிய காலம் உண்டு. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது விவகாரம்.

காய்ந்த பிறகு அளவு. பாவாடை முடிந்து நிற்கும்போது 36 அங்குல உயரம் வேண்டும் என்றால், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 40 அங்குலத்தில் இரண்டு துண்டு. கரை நீளவாக்கில் வரட்டும். பாவு மேலிருந்து கீழே இறங்கினால் பாவாடை நேராக விழும். வெட்டத் தெரியவில்லையா? கத்தரியால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழியுங்கள். சாதா நெசவுப் பருத்தி ஊடை இழையோடு நூல் பிடித்தாற்போல் கிழியும். ஜவுளிக்கடையில் கேட்டிருப்பீர்களே, அந்தச் சத்தம்தான்.

மிச்சத் துணியில் முதலில் பாக்கெட். ஆமாம், பாக்கெட்! ஆண்பிள்ளைச் சட்டைக்கு ஒன்று, பேண்ட்டுக்கு நான்கு. பெண்பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. போன், அடையாள அட்டை, ரூம் சாவி எல்லாவற்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு நூலகப் படி ஏற வேண்டும். உங்கள் உள்ளங்கையைத் துணி மேல் விரித்து வைத்துச் சுற்றிலும் இரண்டு விரல் விட்டுக் கோடு போடுங்கள். அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரம் மடித்து, முன்பக்கத் துண்டின் வலப் பக்கத்தில், இடுப்பிலிருந்து ஐந்தாறு அங்குலம் கீழே வைத்து மூன்று பக்கம் அடியுங்கள். வாய்ப்பகுதியின் இரண்டு முனையிலும் தையலைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்; கிழிவது அங்கேதான்.

அடுத்து பக்கத் தையல். வழக்கத்துக்கு மாறாக, நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு துண்டையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல் போடுங்கள். பிசிறை ஒட்டக் கத்தரியுங்கள். இப்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறெல்லாம் இரண்டு தையலுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஓவர்லாக் கடைக்குப் போக வேண்டாம்.

மேலே ஓர் அங்குல எலாஸ்டிக் நுழைகிற அளவுக்கு மடித்து அடியுங்கள். நுழைக்க இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். இடுப்பு 30 என்றால் எலாஸ்டிக் 28. ஒரு முனையில் ஊக்குக் குத்தி உள்ளே ஓட்டுங்கள். மறுமுனையை இன்னொரு ஊக்கால் துணியோடு குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் அதுவும் உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுற்றி வந்ததும் இரண்டு முனையையும் சேர்த்துத் தையுங்கள். எலாஸ்டிக்கோடு ஒரு நாடாவும் சேர்த்து ஓட்டுவது நல்லது. பாக்கெட்டில் போனைப் போட்டதும் பாவாடை ஒரு பக்கம் இறங்கும், நாடா பிடித்துக்கொள்ளும். கடைசியாகக் கீழ் மடிப்பு. பல விடுதிகளில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. மடிப்பை விரலால் நீவி, கோத்தாரியின் ஆராய்ச்சி முறையியல் புத்தகத்தை ராத்திரி அதன் மேல் வைத்துவிடுங்கள். எல்லோரிடமும் அந்தப் புத்தகம் இருக்கிறது, ஒரு வேலையாவது செய்யட்டும்.

மிஷின் இல்லையென்றால் கையால் தையுங்கள். பக்கத் தையலுக்குப் பின்தையல், மற்றதற்கு ஓட்டுத்தையல். சுற்றளவு 86 அங்குலம் வரும். அடியை மடித்துத் தைத்து முடிக்கும்போது விரல் நோகும். நோகட்டும். அடுத்த முறை காந்திபுரத்தில் பிளாட்பாரக் கடையில் மலிவு விலைப் பாவாடையைக் கையில் எடுக்கும்போது, உங்கள் கண் தானாக அதன் அடி மடிப்புக்குப் போகும். இதை அடித்தவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்பீர்கள். எத்தனை ஆய்வுக் கட்டுரை படித்தாலும் வராத கேள்வி அது.

தைத்தால் மனம் ஒருமுகப்படும், ஆராய்ச்சி சிறக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல யோகா மாஸ்டர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்: ஆய்வுக்கு மூன்றிலிருந்து ஆறு வருஷம். முதல் வருஷத்தில் எதுவும் முடியாது. தலைப்பு மாறும், கருவி பழுதாகும், கமிட்டி தள்ளிப்போகும். ஊருக்குப் போன் செய்தால் "என்ன கண்ணு, எப்ப முடியும்?" என்பார்கள். அந்த வாரத்தில் ஒன்றாவது முடிந்தது, அதை உடுத்திக்கொண்டு மெஸ்ஸுக்குப் போகலாம் என்றால், அது சின்ன விஷயமில்லை.

ஊர் பழகுவதும் இப்படித்தான். நாகர்கோவிலிலிருந்து வந்தவளுக்கும் காரைக்காலிலிருந்து வந்தவளுக்கும் கோயம்புத்தூர் என்றால் பஸ் ஸ்டாண்டும் கல்லூரி கேட்டும்தான். டவுன் ஹாலில் இறங்கி ஒப்பணக்காரத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, "கட் பீஸ் இருக்குங்களா?" என்று கேட்டு, பேரம் பேசி, நாடாவும் நூல்கண்டும் தேடி அலைந்தால்தான் ஊர் காலுக்குப் பழகும். இன்னும் ஆர்வமிருந்தால் ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விடிய விடிய வியாபாரம் நடக்கும். தனியாகப் போகாதீர்கள், ரூம்மேட்டை இழுத்துக்கொண்டு போங்கள். அவளுக்கும் ஒரு பாவாடை ஆகும்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மகள் விடுதியில் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டால், "பரவாயில்லையே, கல்யாணத்துக்குத் தயாராகிறாள்" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அவள் தன் வேலையைப் பார்க்கிறாள்.

விடுதிக் காப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். டி.வி. அறை இருக்கிறது, தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் இருக்கிறது. அதோடு ஒரு கால் மிஷினும் வாங்கி வையுங்கள். ஜன்னல் ஓரமாக வெளிச்சத்தில் போடுங்கள், எண்ணெய் விடவும் ஊசி மாற்றவும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும், பூட்டி வைக்காதீர்கள். மாணவியரே, மிஷின் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை துணி வாங்குங்கள், அன்று ராத்திரியே ஊறப் போடுங்கள்.